சாவா மூவாப் பேராடு: உதவித்தொகையும் நிரூபிக்கும் சுமையும்

நான் பேச எடுத்துக்கொண்ட பொருள் இந்த அறக்கட்டளைப் பேச்சின் அழைப்பிதழில் அச்சாகியிருக்கும் 'அறக்கட்டளை' என்ற சொல்லுக்குள்ளேயே இருக்கிறது. கோயில் வழக்கில் கட்டளை என்றால் உத்தரவு என்று பொருள் கொள்வதில்லை. ஒருவர் நிலமோ பொருளோ எழுதி வைத்து, இன்ன காலப் பூசைக்கு இன்னது நடந்தாக வேண்டும் என்று ஏற்படுத்திவிட்டுப் போகும் நிலையான ஏற்பாடு அது. இதன் பழைய வடிவத்தைச் சோழர் கல்வெட்டுகளில் பார்க்கலாம். ஒரு நந்தா விளக்கு எரிய 96 ஆடுகள் விடப்படும். அவற்றைப் பெற்றுக்கொண்ட இடையர் நாள்தோறும் ஓர் உழக்கு நெய் அளக்க வேண்டும். அந்த ஆடுகளுக்குச் 'சாவா மூவாப் பேராடு' என்று பெயர். ஆடு சாகும், கிழடாகும். ஆனால் 96 என்ற எண்ணிக்கை சாகாது, மூப்படையாது. குறைந்தால் நிரப்ப வேண்டியது ஏற்றுக்கொண்டவர் பொறுப்பு. நெய் வராத நாளில் பதில் சொல்ல வேண்டியவரும் அவரே. இருட்டில் நிற்கும் விளக்கு மனுப் போட வேண்டியதில்லை.

ஏற்றுக்கொண்டவரின் இந்தப் பொறுப்பை மனத்தில் வைத்து, மாற்றுத்திறனாளிகளுக்கு அரசு தரும் மாத உதவித்தொகையைப் பெறுவது பற்றியும், பெற்றதைத் தக்கவைத்துக்கொள்வது பற்றியும் பேசப் போகிறேன். முதலாவதைப் பற்றி ஓரளவுக்குப் பேச்சு நடக்கிறது. முகாம்கள் நடக்கின்றன, துண்டறிக்கைகள் வருகின்றன. இரண்டாவது பற்றிப் பேச்சே இல்லை. என் வாதம் எளிமையானது. உள்ளே நுழையும்போது 'எனக்கு இந்தக் குறைபாடு இருக்கிறது' என்று நிரூபிக்கும் சுமை விண்ணப்பிப்பவர் மேல் இருப்பதில் நியாயம் உண்டு. ஒருமுறை தகுதி உறுதியாகி அரசின் பதிவேட்டில் பெயர் ஏறிய பிறகு, அந்தச் சுமை அரசின் தோளுக்கு மாற வேண்டும். நம் சாட்சியச் சட்டத்திலேயே இதற்கு விதை இருக்கிறது. ஒரு செய்தி யாருடைய தனிப்பட்ட அறிவுக்கு உட்பட்டதோ அவரே அதை நிரூபிக்க வேண்டும் என்பது பழைய சட்டத்தின் 106ஆம் பிரிவு. 2024 ஜூலை முதல் நடப்பில் உள்ள பாரதிய சாட்சியச் சட்டத்தில் அது 109ஆம் பிரிவு. அது நீதிமன்ற விசாரணைக்கான விதி என்பது எனக்குத் தெரியும். அதிலுள்ள பொதுஅறிவை மட்டும் இங்கே இரவல் வாங்குகிறேன். உடலின் நிலை விண்ணப்பதாரருக்குத் தெரிந்தது. ஆகவே முதலில் அவர் காட்டட்டும். பதிவேடு, வங்கிப் பட்டியல், இறப்புப் பதிவு, சான்றிதழின் காலக்கெடு ஆகிய எல்லாம் அரசுக்குத் தெரிந்தவை. அவற்றின் பெயரால் ஒரு தொகை நிற்கும்போது மட்டும் அவர் ஏன் மறுபடியும் சாட்சிக் கூண்டில் ஏற வேண்டும்?

சட்டத்தின் பின்னணியை விரைவாகச் சொல்லிவிடுகிறேன். வேலையின்மை, முதுமை, நோய், உடற்குறை ஆகிய நிலைகளில் அரசின் உதவி பெறும் உரிமைக்கு அரசு வழிசெய்ய வேண்டும் என்கிறது அரசமைப்பின் 41ஆம் உறுப்பு. 'பொருளாதாரச் சக்திக்கு உட்பட்டு' என்ற வாலும் கூடவே உண்டு. சென்னை மாநிலத்தில் முதியோர் ஓய்வூதியம் 1962-இலேயே வந்துவிட்டது. ஆதரவற்ற உடல் ஊனமுற்றோருக்கான ஓய்வூதியம் 1974-இல் வந்தது. நாடு தழுவிய முதல் சட்டம் 1995-இல் இயற்றப்பட்டபோது ஏழு வகைக் குறைபாடுகளை ஏற்றது. அதன் இடத்தில் வந்த 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம் 21 வகைகளை ஏற்கிறது. அதன் 24ஆம் பிரிவு, மற்றவர்களுக்கான இதே போன்ற திட்டத்தைவிட மாற்றுத்திறனாளிகளுக்குக் குறைந்தது 25 சதவீதம் கூடுதலாகத் தர வேண்டும் என்கிறது. தமிழ்நாட்டில் வருவாய்த் துறை வழியாக மாற்றுத்திறனாளிகள் பெறும் ஓய்வூதியம் 2023 ஜனவரி முதல் 1,500 ரூபாய் ஆயிற்று. அதே ஆண்டு ஆகஸ்டில் முதியோருக்கு 1,200 ஆயிற்று. 1,200-க்கு 25 சதவீதம் கூட்டிப் பாருங்கள், ஒரு ரூபாய் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. சட்டம் 'குறைந்தது' என்று எழுதியதைக் கணக்கு 'இவ்வளவே' என்று படித்திருக்கிறது. ஒன்றிய அரசின் பங்கோ இதைவிட இளைத்தது. இந்திரா காந்தி தேசிய மாற்றுத்திறனாளர் ஓய்வூதியம் 2009-இல் 200 ரூபாயாகத் தொடங்கி, 2012-இல் 300 ஆகி, அங்கேயே நிற்கிறது. அதற்கும் 80 சதவீதக் குறைபாடும் வறுமைக் கோடும் வேண்டும்.

இந்தத் தொகைகள் யாரைச் சேர்கின்றன? 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு நாட்டில் 2.68 கோடிப் பேரையும் தமிழ்நாட்டில் ஏறத்தாழ 11.8 லட்சம் பேரையும் குறைபாடு உடையோராக எண்ணியது. 2018-இன் பிற்பாதியில் நடந்த தேசிய மாதிரி ஆய்வின் 76ஆவது சுற்று, இத்தகையோரில் சான்றிதழ் வைத்திருப்போர் 28.8 சதவீதம், அரசிடமிருந்து ஏதாவது ஓர் உதவி பெற்றோர் 21.8 சதவீதம் என்று கண்டது. அதாவது பத்தில் ஏழு பேர் முதல் வாசலையே தாண்டவில்லை. இவர்களுக்கு அக்கறை இல்லை, விழிப்புணர்வு இல்லை என்று சொல்வது வழக்கமாகிவிட்டது. வழியைப் பார்த்தால் அப்படிச் சொல்லத் தோன்றாது. முதலில் யுடிஐடி எனப்படும் மாற்றுத்திறனாளிகளுக்கான தனி அடையாள அட்டைக்கான தளத்தில் பதிவு. பெரும்பாலோருக்கு அது இ-சேவை மையம் அல்லது ஒரு தெரிந்த பையன். பிறகு அரசு மருத்துவமனையில் அந்தந்தக் குறைபாட்டுக்குரிய மருத்துவர் இருக்கும் நாள். மனநல மருத்துவரோ நரம்பியல் மருத்துவரோ தாலுகா மருத்துவமனையில் கிடைப்பது அரிது. மாவட்டத் தலைநகருக்குப் போக வேண்டும், துணைக்கு ஒருவரும் அன்றைய கூலியை விட்டுவிட்டு உடன் வர வேண்டும். பிறகு கிராம நிர்வாக அலுவலர் (விஏஓ), வருவாய் ஆய்வாளர், சமூகப் பாதுகாப்புத் திட்ட வட்டாட்சியர். அல்லது மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகம். கடும் பாதிப்பு உடையோர், அறிவுத்திறன் குறைபாடு, தசைச்சிதைவு, தொழுநோயிலிருந்து மீண்டோர் போன்ற வகைகளுக்கான 2,000 ரூபாய்ப் பராமரிப்பு உதவித்தொகை அந்த வாசலில். எந்த வாசல் தனக்கு உரியது என்பது தெரியாமல் இரண்டு இடத்திலும் காத்துக் கிடப்பவர்கள் உண்டு. உடற்குறையே இல்லாதவருக்கும் இந்த வழி ஒரு தேர்வுதான்.

இந்தத் தேர்வின் மதிப்பெண் சதவீதம் என்ற ஓர் எண். அதைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும்; என் வாதத்தின் அச்சாணி அங்கே இருக்கிறது. சட்டப்படியான பலன்களில் பெரும்பாலானவற்றுக்கு 40, தமிழ்நாட்டில் கடும் பாதிப்புக்கான பராமரிப்புத் தொகைக்கு 75, ஒன்றிய அரசின் ஓய்வூதியத்துக்கு 80. இந்த எண்களை அளப்பவர் உடலை மட்டும் பார்த்துச் சொல்வதில்லை, ஒரு வழிகாட்டு நெறியைப் பார்த்துச் சொல்கிறார். ஒரு கண் முழுதும் போய் மறு கண் நன்றாக இருந்தால் அது 30 சதவீதம். ஆகவே வாசலுக்கு வெளியே. ஒருவருக்குக் கையில் 40, காலில் 30 என்றால் மொத்தம் 70 ஆகாது. தொண்ணூறிலிருந்து பெரிய எண்ணைக் கழித்து, சிறியதால் பெருக்கி, தொண்ணூறால் வகுத்து, வருவதைப் பெரிய எண்ணோடு கூட்டும் ஒரு சூத்திரம் உண்டு. அதன்படி விடை ஏறத்தாழ 57. மனநோய்க்கு இந்திய மனநல மருத்துவர்கள் உருவாக்கிய ஒரு மதிப்பீட்டுக் கருவி தன்னைப் பேணல், உறவாடல், தொடர்பாடல், வேலை ஆகிய நான்கையும், நோயின் கால அளவையும் கூட்டிப் பார்க்கிறது. இவற்றை நான் குறை சொல்லவில்லை. ஏதோ ஓர் அளவுகோல் இருந்தே ஆக வேண்டும். ஆனால் அளவுகோல் மனிதர் செய்தது. 2001-இல் ஒரு நெறி, 2018-இல் வேறொன்று, 2024 மார்ச்சில் அதற்கும் திருத்தம். எனவே ஒருவரின் சதவீதம் 45-இலிருந்து 38 ஆகக் குறைந்தால், கால் சற்று நேராகிவிட்டது என்று பொருளில்லை. நெறி மாறியிருக்கலாம், மருத்துவர் மாறியிருக்கலாம், அன்றைக்கு மருத்துவமனையில் கூட்டம் அதிகமாக இருந்திருக்கலாம். எண்ணுக்கு இவ்வளவு பாரம் ஏற்றுவது சரியில்லை என்பதை உச்ச நீதிமன்றமும் உணர்ந்திருக்கிறது. எழுதும்போது கை முடங்கும் ஒருவர் தேர்வில் உதவியாளர் கேட்ட வழக்கில், 40 சதவீத வரம்பைக் காட்டி அதை மறுக்கக் கூடாது என்று 2021 பிப்ரவரியில் தீர்ப்பளித்தது.

இனி, தக்கவைத்துக்கொள்வது. அறிவுத்திறன் குறைபாட்டுக்கான சான்றிதழை 5, 10, 18 வயதுகளில் புதுப்பிக்க வேண்டும் என்று 2018 நெறி சொன்னது. வளரும் பிள்ளை என்பதால் அதில் பொருள் இருக்கிறது. ஆனால் புதுப்பிக்கும் தேதியை நினைவில் வைத்துக்கொள்ளும் பொறுப்பு யாருடையது? பழைய அடையாளப் புத்தகத்திலிருந்து யுடிஐடி அட்டைக்கு மாற வேண்டும் என்றார்கள். மாற வேண்டியவர் அலைய வேண்டும். ஆதார் வழிப் பணம் செலுத்தும் முறையில், கடைசியாக எந்த வங்கிக் கணக்கில் ஆதார் இணைக்கப்பட்டதோ அங்கேதான் தொகை போய் விழும். கூட்டுறவுக் கடனுக்காகவோ நூறு நாள் வேலைக்காகவோ திறந்த இன்னொரு கணக்கில் அது விழுந்து கிடக்க, பழைய கணக்குப் புத்தகத்தைப் பதிவிட்டுப் பார்ப்பவர் 'பணம் நின்றுபோச்சு' என்று முடிவுகட்டுகிறார். பிள்ளைக்குப் பதினெட்டு முடிந்ததும் வேறொரு வாசல். அதுவரை தாய் கையெழுத்திட்டு எடுத்த தொகைக்கு, வங்கி சட்டப்படியான காப்பாளர் சான்று கேட்கும். மனவளர்ச்சிக் குறைபாடு, ஆட்டிசம், மூளை முடக்குவாதம், பல்வகைக் குறைபாடு ஆகியவற்றுக்கு அந்தச் சான்றைத் தருவது 1999-ஆம் ஆண்டின் தேசிய அறக்கட்டளைச் சட்டப்படி மாவட்ட ஆட்சியர் தலைமையில் இயங்கும் உள்ளூர்க் குழு. அந்தக் குழு கூடும் நாள் வரை காத்திருக்க வேண்டும். மருந்து வாங்கும் நாள் காத்திருப்பதில்லை. இவற்றில் எதுவுமே ஒருவரின் குறைபாடு நீங்கியதால் வருவதில்லை என்பதைக் கவனியுங்கள். காகிதம் மாறியதற்கெல்லாம் உடல் வந்து பதில் சொல்கிறது. நிறுத்தியவர் காரணம் எழுதுவதில்லை; நின்றுபோனது என்பதே பல சமயம் வங்கி வாசலில்தான் தெரியவருகிறது. சான்றிதழின் முடிவு பிடிக்காவிட்டால் மேல்முறையீடு செய்ய 2016 சட்டத்தின் 59ஆம் பிரிவு வழிதருகிறது. ஆனால் அது சான்றிதழைப் பற்றியது, தொகை நின்றதைப் பற்றியது அன்று. மாற்றுத்திறனாளிகளுக்கான ஆணையரிடம் முறையிடலாம், ஆட்சியரின் திங்கட்கிழமை மனு நாளில் நிற்கலாம். அவை அருள் கேட்கும் இடங்கள். கணக்குக் கேட்கும் இடங்கள் ஆகவில்லை. 2024 அக்டோபரில் ஒன்றிய அரசு திருத்திய விதிகள் சுமையை மேலும் ஒரு படி தள்ளிவைத்தன. சான்றிதழ் தர இருந்த ஒரு மாதக் கெடு மூன்று மாதமாயிற்று. இரண்டு ஆண்டுக்கு மேல் முடிவின்றிக் கிடக்கும் விண்ணப்பம் செயலற்றதாகிவிடும். தாமதம் மேசைக்கு அந்தப் பக்கம். மறு மனு இந்தப் பக்கம்.

இந்தச் சுமையை இடம் மாற்றிப் பார்த்த நாடு ஒன்று உண்டு. அமெரிக்காவின் அனுபவத்தை நான் அப்படியே இறக்குமதி செய்யச் சொல்லவில்லை. அவர்கள் தடுக்கி விழுந்த கல் நம் தெருவிலும் கிடக்கிறது என்பதால் சொல்கிறேன். ஏழைகளுக்கான பண உதவியை நிறுத்துமுன் பெறுபவரை விசாரித்தாக வேண்டும் என்று அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 1970-இல் சொன்னது. ஆறே ஆண்டில், உடற்குறை உதவித்தொகைக்கு மட்டும் அது பொருந்தாது, நிறுத்திவிட்டுப் பிறகு விசாரித்தால் போதும் என்றது. மருத்துவ அறிக்கைகள் கறாரானவை, அவற்றில் பிழை வருவது குறைவு என்பது காரணமாகச் சொல்லப்பட்டது. 1981 முதல் அங்கே பெரும் மறு ஆய்வு நடந்தது. சில லட்சம் பேரின் தொகை நின்றது. மேல்முறையீட்டுக்குப் போய் ஏறத்தாழ இரண்டு லட்சம் பேர் அதைத் திரும்பப் பெற்றார்கள். கறாரான அறிக்கை என்ற நம்பிக்கை அந்த எண்ணில் உடைந்தது. 1984-இல் அவர்களின் நாடாளுமன்ற அவைகள் இரண்டும் ஓர் எதிர் வாக்குகூட இல்லாமல் சட்டத்தைத் திருத்தின. பெறுபவரின் உடல்நிலை உண்மையில் முன்னேறியிருக்கிறது என்பதற்கு மருத்துவச் சான்று இருந்தாலொழியத் தொகையை நிறுத்தக் கூடாது என்பதே புதிய விதியின் சாரம். மாறிவிட்டது என்று சொல்பவர் மாற்றத்தைக் காட்ட வேண்டும், அவ்வளவுதான். நம்மூரில் 45, 38 ஆன கதைக்கு இதைவிடப் பொருத்தமான மருந்து எனக்குத் தெரியவில்லை.

எதிர்ப்புகள் வரும். முதலில் வருவது போலிச் சான்றிதழ். 2024-இல் ஐஏஎஸ் பயிற்சியில் இருந்த ஒருவரின் சான்றிதழ்கள் பற்றி எழுந்த சர்ச்சையும், தேர்வாணையம் அவரது தேர்வை ரத்து செய்ததும் நாடறிந்தவை. போலிகள் இருக்கின்றன, மறுக்க மாட்டேன். ஆனால் போலி எங்கே பிறக்கிறது? நுழைவாயிலில், சான்றிதழ் எழுதும் மேசையில். அங்கே சுமை விண்ணப்பதாரர் மேல் இருக்கட்டும், கடுமையாகவும் இருக்கட்டும் என்றுதான் நானும் சொல்கிறேன். ஏமாற்றிப் பெறுபவருக்கு இரண்டு ஆண்டு வரை சிறையோ, ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ என்று அதே 2016 சட்டத்தின் 91ஆம் பிரிவில் எழுதப்பட்டிருக்கிறது. தகுதியுள்ளவரின் தொகையைத் தவறாக நிறுத்துபவருக்கென்று தனியாக ஒரு பிரிவு இல்லை. தகுதியற்றவர் உள்ளே வருவது ஒரு பிழை. தகுதியுள்ளவர் வெளியே விழுவது இன்னொரு பிழை. முன்னதில் கருவூலத்துக்கு மாதம் 1,500 ரூபாய் நட்டம். பின்னதில் ஒரு வீட்டுக்கு அந்த மாதத்து அரிசியும் மாத்திரையும் நட்டம். முதல் பிழை செய்தித்தாளில் வருகிறது, இரண்டாவது வருவதில்லை. நம் விதிகளோ செய்தித்தாளைப் பார்த்து எழுதப்படுகின்றன.

இறந்தவர் பெயரில் தொகை போய்க்கொண்டிருக்குமே என்பது அடுத்தது. போகும், போயிருக்கிறது. அதற்காக உயிரோடிருப்பவர்களை ஆண்டுதோறும் உயிரோடிருப்பதாக நிரூபிக்கச் சொல்வது கணக்கைத் தலைகீழாகப் போடுவது. இறப்பைப் பதிவுசெய்வது அரசின் வேலை. பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டம் 2023-இல் திருத்தப்பட்டு அந்தப் பதிவுகள் தேசியத் தரவுத்தளத்துக்குப் போகின்றன. அந்தப் பட்டியலை ஓய்வூதியப் பட்டியலோடு மாதம் ஒருமுறை ஒப்பிடுவது கணினிக்குச் சில நிமிட வேலை. தொழுநோயால் விரல் தேய்ந்தவரைக் கைரேகைக் கருவியின் முன் உட்கார வைப்பது ஒரு நாள் வேலை. தொழில்நுட்பம் எல்லாவற்றையும் சரிசெய்துவிடும் என்பவர்களுக்கு, 2025 ஏப்ரல் 30 அன்று உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பைக் காட்டுவேன். வங்கிக்கான இணையவழி அடையாளச் சரிபார்ப்பு, ஆள் உயிரோடு இருப்பதற்கு அடையாளமாகக் கண்ணைச் சிமிட்டச் சொல்கிறது; அமில வீச்சில் கண்ணும் முகமும் சிதைந்தவர் எப்படிச் சிமிட்டுவார்? இணையவழிச் சேவையை அணுகுவது வாழ்வுரிமையின் பகுதி என்று சொல்லி, நடைமுறைகளை மாற்ற நீதிமன்றம் நெறிகள் வகுத்தது. உயிரை இமையில் தேடும் எந்திரத்தை எழுதியவர் கெட்டவர் இல்லை. அவர் மனக்கண்ணில் இருந்த மனிதருக்கு இமை இருந்தது.

பணம் எங்கே என்பது கடைசி எதிர்ப்பு; மிகவும் நேர்மையானதும் அதுதான். ஆந்திரப் பிரதேசம் 2024 ஜூலையில் மாற்றுத்திறனாளிகளின் மாத ஓய்வூதியத்தை 6,000 ரூபாய் ஆக்கியது. முழுதும் முடங்கியோருக்கு 15,000. அடுத்த ஆண்டே அங்கே மறு மதிப்பீடு நடந்து, பலருக்கு நிறுத்த அறிவிப்புகள் போய், போராட்டம் வெடித்தது. தொகை உயர்ந்தால் கண்காணிப்பும் இறுகும் என்பது இயல்பு. கண்காணிப்பு வேண்டாம் என்று நான் சொல்லவே இல்லை. தமிழ்நாட்டில் 2021 தொடக்கத்தில் மாற்றுத்திறனாளிகள் சங்கத்தினர் அண்டை மாநிலங்களைக் காட்டி 3,000 ரூபாய் கேட்டுப் போராடினார்கள். அந்தக் கோரிக்கை நியாயமானது, அதைப் பேச இன்னொரு மேடை வேண்டும். நான் கேட்பதற்கு ஆகும் செலவு அதைவிட மிகவும் குறைவு. ஐயத்துக்குரிய ஒருவரின் தொகையை விசாரணை முடியும்வரை நிறுத்தாமல் ஆறு மாதம் கொடுத்தோம், முடிவில் அவர் தகுதியற்றவர் என்றே தெரிந்தது என்று வைத்துக்கொள்வோம். இழப்பு 9,000 ரூபாய். அதைத் தவணையில் திரும்பப் பெறவும் வழியுண்டு. தகுதியுள்ளவரிடமிருந்து ஆறு மாதம் பிடுங்கினால், பின்னால் நிலுவையைச் சேர்த்துக் கொடுத்தாலும் அந்த ஆறு மாதத்தில் வட்டிக்கு வாங்கியதை எந்த அரசாணையும் கட்டாது.

ஆகவே நிறுத்தம் என்பது தானாக நிகழும் ஒன்றாக இல்லாமல், பெயரும் கையெழுத்தும் உள்ள ஓர் ஆணையாக வேண்டும். அதில் காரணம் தமிழில் இருக்க வேண்டும், முன்னறிவிப்பு வீட்டுக்கு வர வேண்டும். படிக்க இயலாதவருக்கு விஏஓவோ அங்கன்வாடிப் பணியாளரோ நேரில் சொல்ல வேண்டும். சான்றிதழ் காலாவதியாகிறது என்றால் அதற்கு மூன்று மாதம் முன்பே மருத்துவமனை நாளைக் குறித்துத் தர வேண்டியது அலுவலகம். நாள் தர முடியாவிட்டால் பழைய சான்றிதழ் தொடரும். சதவீதம் குறைந்ததாகச் சொன்னால், உடலில் எது மாறியது என்று மருத்துவர் எழுத வேண்டும். நெறி மாறியது என்பது காரணமாகாது. மேல்முறையீடு முடியும்வரை தொகை தொடரும். இதற்கு ஆளும் பதிவேடும் எங்கே என்று கேட்கலாம். உலக வங்கி உதவியுடன் நடக்கும் 'உரிமைகள்' திட்டத்தில் வீடு வீடாகப் போய்க் கணக்கெடுப்பதையும், 'விழுதுகள்' என்ற சேவை மையங்களைத் திறப்பதையும் தமிழ்நாட்டு அரசு மேற்கொண்டிருக்கிறது. தேடிப் போய்ச் சேர்க்க ஆள் அனுப்பத் தெரிந்த அரசுக்கு, நிறுத்துமுன் ஒருமுறை போய்ப் பார்க்கவும் தெரியும். ஊனமுற்றோர் என்ற சொல்லை மாற்றுத்திறனாளி என்று மாற்றிய மாநிலம் இது; அலுவலகப் பலகையில் மாறிய சொல் உள்ளே இருக்கும் படிவம்வரை போய்ச் சேர வேண்டும். டெல்லி சட்டம் திருத்தும்வரை காத்திருக்கவும் தேவையில்லை. உடற்குறை உடையோருக்கும் வேலை செய்ய இயலாதோருக்கும் துயர்தணிப்பு என்பது அரசமைப்பின் ஏழாவது அட்டவணையில் மாநிலப் பட்டியலின் ஒன்பதாம் பதிவு. மாநிலத்தின் சொந்த நிதியில் நடக்கும் திட்டங்களுக்குச் சென்னைக் கோட்டையிலிருந்து ஓர் அரசாணை போதும்.